பால் கேட்டால் பாம்பு

லிங்கராஜபுரம்
7-7-2025, திங்கள்

மூன்றாம் வகுப்பு பி பிரிவு ஜோசஃபின் மிஸ் அவர்களுக்கு,

மமதாவின் அப்பா பச்சைமுத்து எழுதுகிறேன். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் “படிக்க அனுப்புனா கேம் ஆட விடுறீங்களா?” என்று கேட்ட ஆள். அப்படிச் சொன்னால் உங்களுக்கு மட்டுமில்லை, அன்றைக்கு எதிர் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் என்னைத் தெரியும். நான் சண்டை போடவில்லை மிஸ். என் குரலே அதுதான். இருபது வருடமாக மாவு மில் ஓட்டுகிறவன் குரல் வேறு எப்படி இருக்கும்?

அன்று சாயங்காலம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் என் கருத்தைப் பேசியும் அனுப்பினேன். மில் ஓடும்போது பேசிவிட்டேன். ஒன்றேகால் நிமிடம் மில் சத்தம், நடுவில் இரண்டு தடவை ‘கேம்’ என்று மட்டும் கேட்கிறது என்று சுஹாஸின் அம்மா பதில் போட்டார். நாலு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன். போன் செய்தாலும் மில்லில் ஒன்றும் விளங்காது. அதனால்தான் கடிதம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ‘நோ கரண்ட்’, ‘டுமாரோ கம்’ இரண்டோடு முடிந்துவிடும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். நீங்களும் தமிழ்க்காரர் என்று மமதா சொன்னாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எனவே அவள் பையிலேயே தைரியமாக வைத்து அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். டைரியைத் திறந்தால் ‘மமதா கவனிப்பதில்லை, சொன்னதைச் செய்வதில்லை’ என்று எழுதுகிறீர்கள். வகுப்பில் வந்து பார்த்தால் பிள்ளைகள் கையில் டேப், பெரிய செல்போன் மாதிரி, தொட்டுத் தொட்டு ஆடுகிறார்கள். சுவரில் ஒட்டிய பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் முயல், மான், சிங்கம். என் மகள் பெயருக்குப் பக்கத்தில் ஆமை. அவள் மெதுவான பிள்ளை என்று ஊருக்கே படம் போட்டுக் காட்ட வேண்டுமா? இதெல்லாம் போதாது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் பிரிஜெட் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மமதா மறுபடி ரெண்டாங்கிளாஸ்ல ஒக்காந்தா அவளுக்கே நல்லது, மாசக் கடைசிக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

நான் ஒன்பதாவது வரை படித்தவன். ஒன்பதாவதை இரண்டு தடவை படித்தேன். அதைக் கூட்டிப் பத்து வருடம் படித்தவன் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். ஆனால் அந்த இரண்டாவது ஒன்பதாவது எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். கூடப் படித்த பிள்ளைகள் என்னை “அண்ணா” என்று கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். அதுதான் தாங்கவில்லை. என் பெண்ணை யாரும் அப்படி “அக்கா” என்று கூப்பிட நான் விடமாட்டேன்.

டி.சி. கேட்டு விண்ணப்பம் இதோடு வைத்திருக்கிறேன். கேம் இல்லாத பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பச்சைமுத்து

*

விவேக் நகர்
9-7-2025

திரு. பச்சைமுத்து அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் தமிழ் எழுதக் கற்றது ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் மட்டுமே. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஆமை. அந்தப் படத்தை நான் கொடுக்கவில்லை. பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். மமதாவை முதலில் அழைத்தேன். முயலும் மயிலும் இருந்தும் அவள் ஆமையை எடுத்தாள். ஏன் என்று கேட்டேன். “அது வீட்டத் தூக்கினே போகுது மிஸ்” என்றாள்.

இரண்டாவது, விளையாட்டு. என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்த டேப் ஆறு. செவ்வாயும் வெள்ளியும் அரை மணி நேரம், குழுக் குழுவாக. மற்ற நேரமெல்லாம் பலகை, நோட்டு, வாய்ப்பாடுதான். விளையாட்டு என்பதற்காக நான் கொடுக்கவில்லை. ஒரு பிள்ளை கழித்தல் கணக்கை நோட்டில் தப்பாகப் போட்டால், அது எனக்குத் தெரிவதற்குள் அடுத்த பாடம் வந்துவிடுகிறது. அதே கணக்கை டேப்பில் போடும்போது தவளை தப்பான கல்லில் குதித்துத் தண்ணீரில் விழுந்தால், அவர்களே சிரித்துவிட்டு மறுபடி குதிக்க வைக்கிறார்கள். யார் எந்தக் கல்லில் விழுந்தார்கள் என்று டேப் எனக்குக் குறித்து வைக்கிறது. எனக்கு அது பெரிய உதவி.

தங்கள் மகளின் குறிப்பைப் பார்த்துத்தான் எனக்குக் குழப்பம். படத்துண்டுகளைச் சேர்ப்பது, விட்டுப்போன வடிவத்தைக் கண்டுபிடிப்பது, தவளைக் கணக்கு, எல்லாவற்றிலும் வகுப்பில் அவள்தான் முதல். கர்நாடக மாவட்ட வரைபடத்தைத் துண்டு துண்டாகக் கொடுத்தால், நான் முடிப்பதற்குள் அவள் முடித்துவிடுகிறாள். ஆனால் ‘பேசும் கோழி’ என்ற புதிரில் கடைசி. கோழி ஒரு சொல்லைச் சொல்லும், அதற்கான படத்தைத் தொட வேண்டும். கன்னடத்தில் ‘ஹாலு’ என்று பாலைச் சொன்னால் அவள் ‘ஹாவு’, அதாவது பாம்பைத் தொடுகிறாள். ‘ஹல்லு’ என்று பல்லைச் சொன்னாலும் பாம்புதான்.

மந்தமான பிள்ளை தவளைக் கணக்கில் முதலாக வர முடியாது. டைரியில் ‘கவனிப்பதில்லை’ என்று எழுதியதும் நான்தான் என்பதை மறக்கவில்லை. விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொடுக்காமல் என் அலமாரியில் வைத்திருக்கிறேன். மாதக் கடைசி வரை நேரம் தாருங்கள். வீட்டில் கூப்பிட்டால் மமதா உடனே வருகிறாளா? எழுதுங்கள்.

ஜோசஃபின்

*

11-7-2025

ஜோசஃபின் மிஸ் அவர்களுக்கு,

என் பெயருக்கு முன்னால் ‘திரு’ போட்ட முதல் ஆள் நீங்கள்தான். மின்சார பில்லில்கூடப் போடுவதில்லை. என் வீட்டுக்காரி கிருத்திகா இரண்டு நாளாக “திரு சார், சாப்பாடு ஆறுது” என்கிறாள்.

ஆமை விஷயம் சரி. என் அவசரம். மன்னிக்கவும்.

பால் பாம்பு விஷயம் எனக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. நாங்கள் வீட்டில் தமிழ். ராகி அரைக்க வருகிறவர்கள் பாதிப் பேர் கன்னடம், பாதிப் பேர் உருது. நடுவில் மில் வேறு. ஹாலு, ஹாவு, ஹல்லு எல்லாம் எனக்கே ஒன்றுபோலத்தான் கேட்கும். இதில் பிள்ளையைச் சொல்லி என்ன பயன்?

கூப்பிட்டால் வருகிறாளா என்று கேட்டீர்கள். நான் கூப்பிட்டால் வராமல் எப்படி இருப்பாள்? மில்லுக்குப் பின்பக்கம்தான் வீடு. முன்னால் இருந்து நான் “மமதா!” என்றால் எங்கள் மமதாவோடு மூன்றாவது வீட்டு மமதாவும் வந்து நிற்கும். சில நேரம் திரும்பமாட்டாள். அது காது இல்லை, திமிர். அம்மா வழிச் சொத்து.

சொல்லப்போனால் என் மகளுக்குக் காது என்னைவிடக் கூர்மை. கண்ணை மூடிக்கொண்டு மில்லின் தகரத் தொட்டியில் உள்ளங்கையை வைத்துச் சொல்வாள், உள்ளே ஓடுவது ராகியா, கோதுமையா, பச்சரிசியா என்று. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. வாடிக்கைக்காரர்கள் அவளைச் சோதிப்பதற்கென்றே எதை அரைக்கிறோம் என்று சொல்லாமல் கொட்டுவார்கள்.

மாதக் கடைசி வரை பொறுக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. அதுவரை அவள் கேம் தொடக் கூடாது. நோட்டு மட்டும். அவளிடமும் சொல்லிவிட்டேன்.

பச்சைமுத்து

*

15-7-2025, செவ்வாய்

திரு. பச்சைமுத்து அவர்களுக்கு,

தாங்கள் சொன்னபடி செய்தேன். இன்று மற்ற பிள்ளைகள் டேப் எடுத்தபோது மமதாவுக்கு நோட்டு கொடுத்தேன். அவள் அழவில்லை. நோட்டில் கட்டம் போட்டு, கல் வரைந்து, தவளை வரைந்து, பக்கத்தில் இருந்த பிள்ளைக்குத் தானே கழித்தல் புதிர் தயாரித்துக் கொடுத்தாள். அந்தப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும், எனக்கு வேண்டும்.

இனி எழுதப் போவதைக் கோபப்படாமல் படியுங்கள்.

கன்னடம் என்பதால்தான் தப்பு என்று நானும் பிரிஜெட் மேடமும் இத்தனை நாளும் நம்பினோம். இன்று மதிய உணவுக்குப் பிறகு படச்சீட்டுகளை மேசையில் பரப்பி, தமிழில் சொன்னேன். எதிரில் நின்று சொன்னபோது பத்துக்குப் பத்து. பிறகு அவளுக்குப் பின்னால் போய் நின்று, அதே குரலில் சொன்னேன். ‘மணி’ என்றேன், ‘பனி’யைக் காட்டினாள். ‘பல்’ என்றேன், ‘கல்’லைக் காட்டினாள். நாலாவது சொல்லுக்கு நான் பேசினேன் என்றே அவளுக்குத் தெரியவில்லை. சீட்டுகளை அடுக்கி வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

மமதா சொற்களைக் காதால் மட்டும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். என் உதட்டைப் பார்த்துப் பிடிக்கிறாள். நான் பலகைப் பக்கம் திரும்பிப் பேசும் நாட்களில்தான் அவள் ‘கவனிப்பதில்லை’. டேப்பில் பேசும் கோழிக்கு உதடு கிடையாது, அலகுதான்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மில் ஓடாத நேரம். அவளுக்குத் தெரியாமல் பின்னால் நாலடி தள்ளி நின்று, மெதுவான குரலில், அவளுக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஹெட்போன் போட்டு அவளைக் கோழிப் புதிர் ஆட வைக்கவும் அனுமதி வேண்டும்.

ஜோசஃபின்

*

16-7-2025

மிஸ்,

என் மகள் செவிடு இல்லை. அந்த வார்த்தையை நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் நான் படித்துவிட்டேன்.

அனுமதி கிடையாது. டி.சி. விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொடுங்கள்.

பச்சைமுத்து

*

21-7-2025, திங்கள்

ஜோசஃபின் மிஸ்ஸுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் அவளுக்கு ஹெட்போன் போடவில்லை என்று மமதா சொன்னாள். “மிஸ் என்னைப் பாத்துனே இருந்தாங்கப்பா” என்றாள். நான் எழுதிய வார்த்தைக்கு நீங்கள் கொடுத்த மரியாதை எனக்கு உறைத்தது.

நேற்று ஞாயிறு, மில் லீவு. சோதனை செய்தேன்.

முதலில் ஒரு சங்கடம். எனக்கு மெதுவாகப் பேச வரவில்லை. நாற்பத்திரண்டு வயதில் பழக வேண்டியிருந்தது. சமையலறையில் போய் “கிருத்திகா, கொஞ்சம் தண்ணி குடு” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் பயந்து ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “என்ன ஆச்சு, மாரு கீரு வலிக்குதா?” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். உங்கள் கடிதங்களை அவளுக்கு முழுதாகப் படித்துக் காட்டியதே அப்போதுதான். அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மமதா தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஆமைதான். பின்னால் நாலடி எண்ணி நின்றேன். அவளுக்கு மிகப் பிடித்தது பானிபூரி. தூக்கத்தில் கேட்டால்கூட எழுந்து செருப்பு மாட்டுகிற பிள்ளை.

“மமதா, பானிபூரி சாப்பிடப் போலாமா?”

பச்சை கிரேயானைக் கீழே வைத்து மஞ்சளை எடுத்தாள்.

இன்னும் ஓரடி முன்னால் போய்ச் சொன்னேன். திரும்பவில்லை. மூன்றாவது தடவையும் சொன்னேன். கிருத்திகா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பிறகு என் சொந்தக் குரலில் “ஏய் மமதா!” என்றேன். சட்டென்று திரும்பினாள். சிரித்த முகம். “என்னப்பா?” என்றாள்.

கூட்டிக்கொண்டு போய்ப் பானிபூரி வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “யாக்கே சார், காரா ஜாஸ்தி ஆய்த்தா?” என்றார். ஆமாம், காரம்தான் என்று சொல்லிவிட்டேன்.

தொட்டியில் கை வைத்து ராகியா கோதுமையா என்று சொல்வாளே, அது காது இல்லை மிஸ். கைதான். உள்ளங்கையில் வரும் அதிர்வை வைத்துச் சொல்லியிருக்கிறாள். அதைக் காட்டி அவளுக்குக் காது கூர்மை என்று உங்களுக்கு எழுதினேன் பாருங்கள், எனக்குத்தான் மூன்றாவது தடவை ஒன்பதாவது போட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். அதனால் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் கத்தியே மறைத்துவிட்டோம். திரும்பாத சில நேரங்களில் திமிர் என்று தலையில் குட்டியிருக்கிறேன். குட்டினால் மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

ஹெட்போன் போடுங்கள். கேம் கொடுங்கள். எதை வேண்டுமானாலும் கொடுங்கள்.

பச்சைமுத்து

*

22-7-2025, செவ்வாய்

பச்சைமுத்து அண்ணனுக்கு,

தாங்கள் கவலையில் இருப்பீர்கள் என்று மதிய இடைவேளையிலேயே எழுதுகிறேன்.

ஹெட்போன் மாட்டி, ஒலியைக் கூட்டி, கோழிப் புதிரைக் கொடுத்தேன். முதல் சொல் வந்ததும் மமதா டேப்பை விட்டுக் கையை எடுத்துவிட்டாள். என்னைப் பார்த்தாள்.

“மிஸ்! கோழி வார்த்த சொல்லுது!”

“எப்பவும் சொல்லுமேம்மா” என்றேன்.

“இல்ல மிஸ், எப்பவும் மொணமொணன்னுதான சொல்லும்?”

பிறகு, “எல்லாருக்கும் இப்படியேவா சொல்லும்?” என்று கேட்டாள். கோழியின் மொணமொணப்பைக் கேட்டே மற்ற பிள்ளைகள் எப்படிச் சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று இத்தனை நாளும் அதிசயப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சுஹாஸ் ரொம்பப் புத்திசாலி என்று நினைத்தாளாம்.

இருபது சொல்லுக்கு இருபது. கன்னடம் பத்து, இங்கிலீஷ் பத்து. ‘ஹாலு’ வந்தபோது பாலைத் தொட்டாள். நான் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அண்ணா, ஒலியைக் கூட்டினால் கேட்கிறது என்றால் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்ல எனக்கும் டேப்புக்கும் தகுதி இல்லை. விளையாட்டு ஒரு சந்தேகத்தைக் காட்டியது, அவ்வளவுதான். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் உடனே காட்டுங்கள். இருபது சொல்லின் குறிப்பையும் பிரிஜெட் மேடத்திடம் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “டாக்டர் சொல்றது தெரியற வரைக்கும் ரெண்டாங்கிளாஸ் பேச்ச யாரும் எடுக்க வேணாம்” என்றார்.

வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயிலுக்குப் போவேன். மமதா பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி வைக்கிறேன். தங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஜோசஃபின்

*

4-8-2025

ஜோசஃபின் மிஸ்ஸுக்கு,

மெழுகுவர்த்திக்கு ஆட்சேபமா? நானும் கிருத்திகாவும் எங்களுக்குத் தெரிந்த எல்லா இடத்திலும் சொல்லி வைத்திருந்தோம். யார் கேட்டார்களோ, எல்லோருக்கும் நன்றி.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளவயது டாக்டரம்மா. கருவியை வைத்துக் காதுக்குள் பார்த்தார். பிறகு மமதாவைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். “அப்பா, இதுவும் கேம்தான்!” என்று உள்ளேயிருந்து எனக்குக் கை காட்டினாள். கேம் இல்லாத பள்ளிக்கூடம் தேடினேன். கேம் இல்லாத ஆஸ்பத்திரிகூடக் கிடைக்கவில்லை.

இனி நல்ல சேதி. நரம்பில் கோளாறு இல்லை. சளி பிடிக்கும்போதெல்லாம் செவிப்பறைக்குப் பின்னால் நீர் சேர்ந்து, வடியாமல் கெட்டியாகி நின்றுவிட்டதாம். தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு பாடம் கேட்பது மாதிரி. சின்னப் பிள்ளைகளுக்கு நிறைய வருமாம், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடுமாம். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கிறார்கள். அப்போதும் போகவில்லை என்றால் சின்னக் குழாய் வைத்து வடிப்பார்களாம். அதற்கும் பயப்பட வேண்டாம் என்றார். மில் சத்தத்தால் வந்ததா என்று மூன்று தடவை கேட்டேன். இல்லை என்று மூன்று தடவையும் சொன்னார். அந்த ‘இல்லை’யைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பசித்தது.

இனி மற்ற சேதி. மூன்றாவது தடவை கேட்டபோது டாக்டரம்மா, “நீங்க ஏன் இப்படிக் கத்தறீங்க? நான் இங்கதான இருக்கேன்” என்றார். “என் குரலே அப்படித்தான் மேடம்” என்றேன். “உள்ள போய் ஒக்காருங்க” என்று என்னையும் அதே கண்ணாடி அறைக்குள் அனுப்பிவிட்டார். மமதா வெளியே நின்று, கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த தாளில் காது கேட்கும் அளவைக் காட்டும் கோடு நந்தி மலை இறக்கம் மாதிரி இறங்குகிறது. “கொழந்தைக்கு இருக்கறது போயிடும். உங்களோடது திரும்பி வராது, இருக்கறதக் காப்பாத்திக்கோங்க” என்றார். இனிமேல் மில்லில் காதடைப்பான் மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஆக, எங்கள் வீட்டில் காது கேட்காத ஆள் யார் என்று உங்கள் கோழி தேடிக் கண்டுபிடித்துவிட்டது. ஆள்தான் கொஞ்சம் மாறிவிட்டது.

பச்சைமுத்து

*

6-8-2025

பச்சைமுத்து அண்ணனுக்கு,

தங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்தேன். கண்ணாடி அறை வந்தபோது பிரிஜெட் மேடம் சிரித்து நான் முதல் தடவை பார்த்தேன். மமதா மூன்றாம் வகுப்பிலேயே இருப்பாள் என்று அவர் தம் கையால் எழுதிய குறிப்பு இத்துடன் இருக்கிறது.

அவளை முதல் பெஞ்சில், சன்னலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்திருக்கிறேன். பலகைக்குத் திரும்பிக்கொண்டு பேசுவதை நிறுத்திவிட்டேன். கடினமாக இருக்கிறது, பன்னிரண்டு வருடப் பழக்கம். திரும்பிப் பேசினால் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து “கோழி!” என்று கூவ வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்று நாலு தடவை கூவினார்கள். அதில் இரண்டு தடவை நான் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் டைரியைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். ‘கவனிப்பதில்லை’ என்று பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறேன். வகுப்பில் எல்லோரையும்விட அதிகமாகக் கவனித்துக்கொண்டிருந்த பிள்ளை அவள்தான், என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அந்தப் பதினோரு இடத்திலும் அடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பார்க்கவும்.

டி.சி. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறேன். என் அலமாரியில் இடம் குறைவு.

செப்டம்பர் 13, சனிக்கிழமை, பெற்றோர் வந்து பிள்ளைகளோடு புதிர் ஆடும் நாள். தாங்கள் அவசியம் வர வேண்டும். எதிர் பேக்கரிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஜோசஃபின்

*

15-9-2025, திங்கள்

ஜோசஃபின் மிஸ்ஸுக்கு,

இந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் டி.சி. விண்ணப்பம் தெரியும். நல்ல தாள், வீணாக்க மனமில்லை.

சனிக்கிழமை கூட்டத்தில் உங்களிடம் சரியாகப் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை டாக்டரம்மா பார்த்தார். வலது காது முழுதாகத் தெளிந்துவிட்டது. இடதில் துளி மிச்சம், அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. குழாய் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கிருத்திகா ஒரு முழுக் குக்கர் பாயசம் வைத்தாள். சனிக்கிழமை தூக்குச் சட்டியில் உங்களுக்கு வந்தது அதுதான்.

சனிக்கிழமை நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தது சுலபமாக இருந்தது, எழுந்ததுதான் இரண்டு பேர் வேலை. பெயருக்குப் பக்கத்தில் ஒட்ட ஆளுக்கொரு படம் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது சிங்கம், புலி எல்லாம் மற்ற அப்பாக்கள் எடுத்துவிட்டார்கள். எனக்கு வாத்து. தவளைக் கணக்கில் பதினேழிலிருந்து ஒன்பது போனால் எந்தக் கல் என்று நான் விரல் விட்டுக்கொண்டிருந்தபோதே மமதா அடுத்த குளத்துக்குப் போய்விட்டாள். என் தவளை ஆறு தடவை தண்ணீரில் விழுந்தது. ஆறாவது தடவை சுஹாஸின் அம்மா சிரித்தார். அவர் சிரிப்பைப் பற்றிக் குழுவில் எழுதலாம் என்றுதான் மறுபடி சேர்த்துவிடும்படி அவரிடமே கேட்டுக்கொண்டேன். இனிமேல் மில்லை நிறுத்திவிட்டுத்தான் பேசுவேன் என்று சத்தியம் வாங்கிய பிறகு சேர்த்தார்.

கழித்தல் எனக்கு இன்னும் வரவில்லை மிஸ். ஆனால் தண்ணீரில் விழுந்தால் யாரும் ‘அண்ணா’ என்று கூப்பிடுவதில்லை, மறுபடி குதிக்கச் சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் நான் ஒன்பதாவதை ஒரே தடவையில் முடித்திருப்பேனா என்று தெரியாது. இரண்டாவது தடவை இவ்வளவு வலித்திருக்காது.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மில் லீவு. மாவு அரைக்கும் கல்லைக் கொத்த ஆள் வருவதாக இருந்தது, வரவில்லை. நானே குனிந்து சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கிருத்திகா பார்த்துச் சொன்னது இது. மமதா பின்னால் வந்து, நாலடி எண்ணி நின்றாளாம். ரொம்ப மெதுவாக, “அப்பா, பானிபூரி சாப்பிடப் போலாமா?” என்று கேட்டாளாம். நான் பிரஷ்ஷை வைத்துவிட்டுத் துணியை எடுத்தேனாம். ஓரடி முன்னால் வந்து இன்னொரு தடவை கேட்டாளாம். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு, அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாளாம், அந்த டாக்டரம்மா மாதிரியே.

அப்புறம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அச்சு அசலாக என் குரலில், “ஏய் அப்பா!” என்றாள்.

தெருவே திரும்பிப் பார்த்தது மிஸ். நானும் திரும்பினேன்.

பச்சைமுத்து
(வாத்து)